நோட்டீசில் எட்டு வயது

சண்முகவள்ளிக்கு எட்டு வயது என்று கச்சேரி நோட்டீசில் அச்சடிக்கத் தொடங்கி அது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் அது உண்மையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நோட்டீசில் வயது ஏறவில்லை, பிள்ளைக்கு ஏறியது. வெள்ளைக்காரன் போவதற்கு நாலு வருஷம் முந்தி, கண்மாய் தளும்பி நின்ற ஒரு ஐப்பசியில் அவளைப் பெற்றெடுத்த ராக்குவுக்குக் கணக்கு மறக்குமா? ஆனாலும் யாராவது கேட்டால், "எட்டுத்தாங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அப்படிச் சொல்ல வேண்டும் என்பது அவள் புருஷன் சோணைமுத்துவின் உத்தரவு.

சோணைமுத்து நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவன். திருப்புல்லாணிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் அவர்களுக்கு. மேடையில் ராஜபார்ட்காரனுக்கு மூச்சு முட்டும் இடங்களிலெல்லாம் சோணைமுத்துதான் ஆர்மோனியத்தால் தூக்கி நிறுத்துவான். கைதட்டல் ராஜபார்ட்டுக்குப் போகும். அந்த ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலேயே படுத்து வளர்ந்த பிள்ளை ஆறு வயதில், அப்பன் வாசித்த ராகத்தை வாயால் அப்படியே திருப்பிப் பாடினாள். தற்செயலாக நாடகம் பார்க்க வந்திருந்த வேதாசலம் அதைக் கேட்டார். ராமநாதபுரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர், அங்கே உள்ள சங்கீத சபாவுக்கு அவர்தான் செக்ரட்டரி. பாட்டு வாத்தியார் ஒருவரை ஏற்பாடு செய்து, கீர்த்தனைகள் பாடம் பண்ணவைத்து, இரண்டே வருஷத்தில் பிள்ளையைக் கவுன் போட்டு மேடையில் ஏற்றினார். நோட்டீசில் பெயர் 'பேபி வள்ளி' ஆயிற்று.

சனங்கள் பைத்தியமாகிப் போனார்கள். பாட்டு பாதி, பரீட்சை பாதி. கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து ஒரு ராகத்தை முணுமுணுப்பார். பிள்ளை அதன் பெயரைச் சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டு ஆர்மோனியத்தில் மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்துவார்கள், என்னென்ன சுரம் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தீர்ந்தது. மடிக்கு மடி தூக்கி மாற்றுவார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், முகவாயைப் பிடித்து ஆட்டுவார்கள். வீடு வந்து சேரும்போது கன்னத்தில் நகத்தடம் சிவந்திருக்கும். ராக்கு எண்ணெய் தொட்டுத் தடவுவாள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூலிக்குக் களையெடுக்கப் போனவளை இப்போது கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா வீட்டுப் பெண்கள் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள்.

மூன்றாவது வருஷம் சோணைமுத்து பிள்ளைக்கு ராத்திரிச் சோற்றை நிறுத்தினான்.

"உடம்பு வச்சிருச்சுன்னா முடிஞ்சு போச்சு. ஒரு தம்ளர் மோரு போதும்," என்றான்.

"வளர்ற புள்ளைங்க..."

"வளரக் கூடாதுன்னுதானடி சொல்றேன்!"

அந்தச் சித்திரையில் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவில் கச்சேரி. முன்வரிசையில் மருதுபாண்டி அம்பலம் உட்கார்ந்திருந்தார். நிலபுலம் உள்ளவர், மாட்டுத் தரகில் அவரை மிஞ்ச ஆளில்லை. பரீட்சை தொடங்கும் நேரத்தில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏலே சோணை! போன வருசமும் எட்டுன்ன, அதுக்கு முந்துன வருசமும் எட்டுன்ன. எங்க வீட்டுக் கன்னுக்குட்டியெல்லாம் மாடாகி ஈத்துக்கு நிக்கிது. ஒம் மகளுக்கு மட்டும் வயசு ஏற மாட்டேங்குதே, என்னலே தீனி போடுற?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"வாயத் தொறக்கச் சொல்லு. பல்லப் பாத்துச் சொல்லிப்புடுறேன். நான் பாக்காத பல்லா?"

வேதாசலம் மேடை ஓரத்திலிருந்து, "குழந்தை பாடட்டும், அம்பலம்" என்று சிரித்து மழுப்பினார். அம்பலம் உட்காரவில்லை. அதற்குள் வள்ளி, யாரும் சொல்லாமலே, கண்ணை மூடிக்கொண்டு காம்போதியை எடுத்துவிட்டாள். வாயை நன்றாகத் திறந்து பாடினாள். அம்பலம் மேடை விளிம்பில் கையை ஊன்றி, கழுத்தை வளைத்து, பாடுகிற வாய்க்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி சிரிப்பு. பிள்ளை கண்ணைத் திறந்தாள், தன் முகத்துக்கு நேரே அந்த முகத்தைக் கண்டாள். பாட்டை நிறுத்தவில்லை. மேடைக்குப் பின்னால் பால் சொம்போடு நின்ற ராக்கு, மகள் கவுனின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தாள்.

திரும்பும்போது வேதாசலம் அவர்களைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். வழியில் சொன்னார்:

"ஆடியில் ராமேஸ்வரம். திருக்கல்யாணத்துக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்க வருவாங்க. பத்திரிகைக்காரர் ஒருத்தரும் வர்றதாச் சொல்லியிருக்கார். அங்கே இந்த மாதிரி ஒருத்தன் எழுந்து கேட்டான்னா என் மானம் போயிடும், சோணைமுத்து. எட்டு வயசுக் குழந்தைன்னா முன்பல் விழுந்து பொக்கையாத் தெரியும். உன் பொண்ணுக்கு முத்துக் கோத்த மாதிரி இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். செய்யச் சொல்லவில்லை.

அடுத்த சந்தை நாளில் சோணைமுத்து பிள்ளையையும் ராக்குவையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் போனான். சந்தைக்குப் பக்கத்தில் பல் கட்டுகிறவர் ஒருவர் கடை வைத்திருந்தார். பல்லில் பூச்சி இருக்கிறது என்று மகளிடம் சொல்லியிருந்தான். கடைக்காரர் வள்ளியின் வாயைத் திறந்து, கட்டைவிரலால் மேல் முன்பல்லை அசைத்துப் பார்த்தார்.

"நல்ல பல்லுய்யா இது. விழுந்து மொளச்ச பல்லு. இதப் புடுங்குனா இனி மொளைக்காது."

"ஆட்டம் குடுக்குதுங்க. புடுங்கிருங்க," என்றான் சோணைமுத்து.

"எங்கய்யா ஆடுது?" அவர் ராக்குவைப் பார்த்தார். "நீ பெத்தவதானே? நீ சொல்லும்மா."

ராக்கு மகளைப் பார்த்தாள். வள்ளி நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து போயிருந்ததால் உண்மையிலேயே எட்டு வயது மாதிரிதான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ராக்குவுக்கு அந்த ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடியில் அவளுக்கு நினைவு வந்தது களையெடுக்கிற வெயில்.

"புடுங்குங்க," என்றாள்.

"அய்யா, அப்பறம் பாட வருமா?" என்று கேட்டாள் வள்ளி.

"முன்னைய விட நல்லா வரும் தாயி," என்றான் சோணைமுத்து.

ராக்கு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். குறடு போட்டு முதல் இழுப்பில் வரவில்லை. வேர் கெட்டியாக இருந்தது. பிள்ளையின் நகங்கள் அம்மாவின் மணிக்கட்டில் இறங்கின. கடைசியில் வந்தபோது கடைக்காரர் அதைப் பீங்கான் தட்டில் போட்டுவிட்டு, கூலியை வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

ராமேஸ்வரத்தில் வேதாசலம் எதிர்பார்த்ததற்கு மேலேயே நடந்தது. மேடையில் ஏறி வள்ளி கைகூப்பிச் சிரித்ததும், அந்தப் பொக்கையைப் பார்த்து, கூட்டத்தில் பெண்கள் "அய்யோ, என் கண்ணு" என்று உருகினார்கள். வயதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாகித்தியத்தில் 'ச' வருகிற இடமெல்லாம் பல் போன சந்தில் காற்றுச் சீறிக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் ஒரு சிரிப்பலை. சுரம் பாடத் தொடங்கியபோது இன்னும் மோசம். சுரத்துக்கு ஆதாரமே 'ச'. பிள்ளை வந்து இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் சீறல், சிரிப்பு, கைதட்டல். பத்திரிகைக்காரர் 'மழலையில் மலர்ந்த மோகனம்' என்று எழுதினார். பொக்கைச் சிரிப்போடு படமும் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு தடவை சிரிக்க வேண்டும் என்று வேதாசலம் சொல்லிவைத்தார்.

ஆனால் நாலைந்து கச்சேரி கழிந்ததும் சிரிப்புக் குறைந்தது. ஏன் என்று வேதாசலத்துக்கு விளங்கவில்லை. சோணைமுத்துவுக்கு விளங்கியது. வள்ளி சுரம் பாடும்போது 'ச'வை விட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். 'நி'யிலிருந்து 'ரி'க்குத் தாவினாள். 'ப'வில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆதார சுரத்தைத் தொடாமலே ராகத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். பெரிய வித்துவான்கள் கூட யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. கேட்ட கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சோணைமுத்து அவள் காதைப் பிடித்தான்.

"'ச' எங்கடி போச்சு?"

"சிரிக்காக அய்யா."

"சிரிக்கத்தான கூப்பிடுறாக! இந்த வேலையெல்லாம் யாருக்குக் காட்டுற? 'ச'வப் பாடு. இப்பப் பாடு."

அவள் பாடினாள். அவன் ஆர்மோனியத்தில் அந்த ஒரே கட்டையை அழுத்திக்கொண்டே இருக்க, அது சீறிக்கொண்டு வருகிற வரைக்கும், சீறல் அவனுக்குத் திருப்தியாகிற வரைக்கும், திரும்பத் திரும்பப் பாடினாள். அடுப்படியில் ராக்கு மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். புளி கரைந்து வெகுநேரம் ஆகியும் அவள் கை சட்டிக்குள்ளேயே இருந்தது.

அதற்கு இரண்டாவது வருஷம் கீழக்கரையில் ஒரு கல்யாண வீட்டுக் கச்சேரி. சலாஹுதீன் என்கிற சங்கு வியாபாரி, பாட்டென்றால் உயிரை விடுகிறவர், தம்பி கல்யாணத்துக்கு வள்ளியைக் கூப்பிட்டிருந்தார். நோட்டீசில் அப்போது ஒன்பது வயது. தாயும் மகளும் உள்கட்டில் பெண்களோடு தங்கினார்கள். சலாஹுதீனின் மனைவி காலிதா, வள்ளியின் தலையை வாரி விடுகிறேன் என்று பக்கத்தில் உட்காரவைத்தவள், சற்று நேரத்தில் ராக்குவைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஒங்க மக பெரிய மனுசி ஆயிருச்சு தாயி. புள்ள பயந்துபோய்ச் சொல்லாம ஒக்காந்திருக்கு. நான் துணி குடுத்திருக்கேன். இந்த வீட்டுல வச்சு நடந்திருக்கு, பரக்கத்து! இருங்க, சீனி கொண்டாரச் சொல்றேன்."

ராக்கு அவள் கையை எட்டிப் பிடித்தாள். "அம்மா, சத்தம் போட்டுறாதீக. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"மறைக்கிற விசயமா இது?"

"கச்சேரிக்கு ஒன்பது வயசுன்னு போட்டிருக்கு..."

காலிதாவின் சிரிப்பு போய்விட்டது. மார்பை இறுக்கித் துணி சுற்றி, அதற்கு மேல் மாட்டியிருந்த வள்ளியின் கவுனை அவள் ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு புதுத் தாவணியை எடுத்துவந்து ராக்குவின் மடியில் வைத்தாள். "எந்த நாளாவது கட்டி விடுங்க" என்று மட்டும் சொன்னாள். வள்ளி அன்று மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடினாள், நடு நடுவே சிரிக்கவும் செய்தாள்.

சடங்கு நடக்கவில்லை. தாய்மாமன் வீட்டுக்குச் சொல்லவில்லை, ஓலைக் குச்சில் கட்டித் தனியாக உட்காரவைக்கவில்லை. மூன்றாவது நாள் ஒரு கோயில் மண்டபத்தில் பாட ஒப்புக்கொண்டிருந்தார்கள். ராக்கு சாமிக்குப் பயந்தவள். தீட்டோடு கோயிலுக்குள் போனால் குலம் விளங்காது என்று நம்பி வளர்ந்தவள். அவள் சோணைமுத்துவின் காலைப் பிடித்து அழுதாள். "ஒரே ஒரு வாரம் தள்ளி வைங்க."

"என்ன காரணம் சொல்லித் தள்ள? நீயே போய்ச் சொல்லு."

ராக்கு போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குத்தான் போனாள். வள்ளி மேடையில் ஏறுமுன் அம்மாவிடம், "சாமி கண்ணக் குத்துமாம்மா?" என்று கேட்டாள். "குத்தாது, போ" என்றாள் ராக்கு. குத்தட்டும், தன் கண்ணைக் குத்தட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தேவிபட்டினம் போய்க் கடலில் முழுகிவிட்டு வந்தாள். மகளிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தாவணி நெல் குதிருக்குப் பின்னால் கிடந்து எலி கடித்துப் போயிற்று.

எத்தனை இறுக்கிக் கட்டினாலும், எத்தனை நேரம் பட்டினி போட்டாலும் பதினாலு வயதை ஒளிக்க முடியவில்லை. கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். வேதாசலத்தின் கார் வருவது நின்றது. கடைசியில் சபா ஆண்டு விழாவுக்குச் சொல்லி அனுப்பினார். நோட்டீசின் நடுவில் கும்பகோணத்திலிருந்து வருகிற 'ஐந்து வயது மேதை மாஸ்டர் சுந்தரேசன்' படம். மேலே ஓரத்தில் சின்ன எழுத்தில், 'முன்னதாக செல்வி வள்ளி பாடுவார்.' அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகப் புடவை கட்டி மேடை ஏறினாள்.

அன்று அவள் தோடி பாடினாள். ராக்குவுக்குச் சங்கீதம் தெரியாது. இருந்தாலும் இத்தனை வருஷம் மகள் பாடியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குக்கூடக் கேட்டது. முன்னெல்லாம் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளை ஒப்பித்தது. இன்று அவள் சொந்தமாகப் பேசினாள். நாக்கை எப்படியோ மடக்கி வைக்கப் பழகியிருந்தாள், 'ச' சுத்தமாக, கோடு போட்ட மாதிரி வந்து நின்றது. ஒரு இடத்தில் குரல் மேலே போய், திரும்பி வர மனமில்லாததுபோல் அங்கேயே நின்றது.

சபையில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் சோடா உடைத்தார்கள். "குழந்தை எப்ப வரும்?" என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்திலிருந்தவள், "இந்தப் பொண்ணு சின்னதுல என்னமாப் பாடுச்சு தெரியுமா? எப்படி இருந்தது! இப்ப ஒண்ணுமில்லாமப் போச்சு" என்றாள். வேதாசலம் மேடை ஓரத்துக்கு வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். வள்ளி தோடியைப் பாதியில் முடித்துக்கொண்டு எழுந்தாள். நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

பிறகு சுந்தரேசனைத் தூக்கிவந்து மெத்தையில் உட்காரவைத்தார்கள். காதில் கடுக்கன், நெற்றியில் சந்தனப் பொட்டு, இடுப்பில் நிற்காத பட்டு வேட்டி. சபை ஒரே நொடியில் அடங்கியது. கிளி மாதிரிப் பாடினான். இரண்டாவது பாட்டில் சரணம் மறந்துவிட்டது. திருதிருவென்று விழித்து, அப்பாவைத் திரும்பிப் பார்த்து, மைக்கிலேயே, "அப்பா, மறந்துபோச்சு" என்றான்.

கொட்டகை அதிர்ந்தது. சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராக்குவும் சிரித்தாள். அவளுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. பையன் பாடி முடித்ததும் பெண்கள் மேடையைப் பார்த்து ஓட, அவளும் ஓடினாள். இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், அந்தக் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, "என் தங்கமே, என் ராசா, எங்கிருந்துடா வந்த நீ?" என்று நெட்டி முறித்தாள். விரல்கள் பத்திலும் நெட்டி சடசடவென்று முறிந்தது. பையன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். அதுவும் அவளுக்கு அழகாக இருந்தது.

திரும்பியபோது மேடைப் படிக்குக் கீழே வள்ளி நின்றிருந்தாள். அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை, அழுகையில்லை. ராக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயெடுத்தாள். "சின்னப் பய..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். வள்ளி முந்தானையைச் சரி செய்துகொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலையில் சோணைமுத்து வாசலில் ஆர்மோனியத்தைப் பிரித்து வைத்துத் துருத்தியில் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். வள்ளி வந்து எதிரே நின்றாள். முந்தின ராத்திரி பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவன் கத்தினால் என்ன சொல்வது, அடித்தால் என்ன செய்வது, இத்தனை வருஷம் சோறு போட்டது எது என்று கேட்டால் என்ன பதில் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு ராக்கு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, இனிமே நான் பாடலை."

சோணைமுத்து ஊசியில் கண்ணாக இருந்தான். "சரி ஆத்தா," என்றான்.

அவள் நகரவில்லை. இன்னொரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"அந்தச் சின்னப் பயலுக்குச் சுருதி போட என்னையத்தான் கூப்புட்டிருக்காக," என்றான் அவன், தலை நிமிராமல். "வெள்ளிக்கிழமை காரைக்குடி போறேன். அந்த நூல்கண்ட எடு."

வள்ளி குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.